விலைப்புள்ளி

பெள்ளிராஜ் ஐயா,
எது நல்லது, பழைய அனலாகா நெட்வொர்க் கேமராவா,
ஒரே வரியில் எழுதி அனுப்பு என்றீர்கள்.
ஒரே வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.
குன்னூரில் கரண்ட் போய்விட்டது.

கட்டபெட்டு வாயிற் கம்பத்தில் பன்னிரண்டு வருஷமாய்
தலைகுனிந்து நிற்கும் உங்கள் பழையதைக்
கழற்றிப் பார்த்தேன்.
ஒயர் முனையில் பச்சைக் களிம்பு.
கண்ணாடிக்குள் ஒரு குளவி,
எந்த வருஷத்துக் குளவியோ.
இருந்தும் படம் வருகிறது.
லாரி என்றால் லாரி, ஆள் என்றால் ஆள்.
நம்பர் பிளேட் மட்டும்
தண்ணீரில் கரைத்த திருநீறு.

புதியதில் இலை மூட்டையின் தையலை எண்ணலாம்.
எடை எழுதும் மாதியம்மாளின் சுண்டுவிரலில்
பாதி உதிர்ந்த நகச்சாயம் தெரிகிறது
(அவரிடம் சொல்லவில்லை).
ஆனால் அதன் ஒயருக்கு நூறு மீட்டர்தான் மூச்சு.
ஆபீசிலிருந்து வாயில் நூற்று நாற்பது.
நடுவில் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச்,
ஸ்விட்சுக்குள் மழை இறங்காமலிருக்க
ஒரு வேண்டுதல்.
பழைய ஒயர் அந்தத் தூரத்தை ஒரே இழுப்பில் வந்துவிடும்,
கடைசியில் கொஞ்சம் வெளிறி.

சோதனைக்கு இரண்டையும் ஒரே கம்பத்தில் மாட்டி
ஓர் இரவு ஆபீசில் கண்விழித்தேன்.
ஒன்பதரைக்கு மூடுபனி ஏறியது.
புதியதற்கு அறிவு வைத்திருக்கிறார்கள் அல்லவா,
பனி அசைந்தால் ஆள் வந்தான் என்றது.
விடிவதற்குள் உங்கள் போனுக்கு எண்பத்தேழு தடவை
'வாயிலில் மனித நடமாட்டம்'.
காலையில் நீங்கள் கண் சிவந்து என்னைத் திட்டினீர்கள்.
பழையது ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளையைப் பார்த்தது, வெள்ளையைக் காட்டியது.

இனி எழுதுவது விலையில் சேராது.

இரண்டு திரைக்கும் நடுவே இரண்டு நொடி இருக்கிறது.
பனி அலைந்தால் மூன்று.
பழையது கண்டவுடன் காட்டிவிடும்.
புதியது கண்டதைச் சுருக்கி, மூட்டை கட்டி,
அனுப்பி, இங்கே வந்து அவிழ்த்துத்தான் காட்டும்.
வாட்ச்மேன் பரஞ்சோதி பீடி பற்றவைத்தால்
இடது திரையில் நெருப்பு,
வலது திரையில் தீப்பெட்டியைத் தேடும் கை.

இரண்டு மணி பத்து இருக்கும்.
பனி சற்றே விலகியது.
வாயிலுக்கு உள்ளே, உள்ளே ஐயா,
ஒரு காட்டுமாடு.
முழங்காலுக்குக் கீழ் வெள்ளைக் காலுறை,
முதுகு லாரித் தார்ப்பாய் அகலம்.
பரஞ்சோதி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கேட்டின் பூட்டை இழுத்துப் பார்க்கிறார்.
இடது திரையில் திரும்பினார்,
இரண்டே எட்டு, கூண்டுக்குள் புகுந்து
கதவைச் சாத்திவிட்டார்.
வலது திரையில் இன்னும் பூட்டோடு நிற்கிறார்.
மாட்டின் மூக்கில் ஆவி, அவர் மஃப்ளரில் கட்டம்,
ஒவ்வொன்றும் துல்லியம்.

தப்பித்துவிட்டார் என்று கண்ணால் கண்ட நான்
நாற்காலி சாய எழுந்து
வலது திரையைப் பார்த்து
ஓடுங்கண்ணே, ஓடுங்க என்று கத்தினேன்.

காலையில் டீக்கடையில் அவரிடம் கேட்டேன்,
காதில் விழுந்ததா என்று.
விழுந்துச்சு தம்பி,
உள்ள வந்து உக்காந்த பொறவு விழுந்துச்சு,
இன்னும் யாரு வெளிய நிக்கிறான்னு
எட்டிப் பாத்தேன் என்றார்.

ஆக,
எடைமேடைக்கும் லாரி வழிக்கும் நெட்வொர்க் நான்கு.
பெட்டி, ஸ்விட்ச், ஆள்கூலி கீழே போட்டிருக்கிறேன்.
வாயிலில் பழையதும் இருக்கட்டும்.
களிம்பைச் சுரண்டி, குளவியை எடுத்துவிட்டேன்,
அதற்குக் காசு இல்லை.
மற்றதற்கு ஜி.எஸ்.டி. தனி.